பரிமளம் என்று எழுதிய வாள்

நாமக்கல்லில் லாரிக்கு உடம்பு கட்டுகிறார்கள் என்பது இந்தத் தேசத்தில் ஓடுகிற எல்லாச் சாலைக்கும் தெரிந்த சேதி. வெறும் எலும்பாக வந்து நிற்கிற வண்டிக்கு மரமும் தகரமும் வைத்து, தோளும் முதுகும் கொடுத்து, நெற்றியில் பொட்டும் வைத்து அனுப்புகிற அந்த ஊரில்தான், கட்டி முடித்துப் பல வருஷம் ஓடிவிட்ட ஒரு மனித உடம்புக்குள் வேறொருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ரங்கநாதன் பட்டறையில், பாடி வேலைக்கு விட்டிருந்த வண்டியின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்த டிரைவர் சென்னியப்பனின் தலையில், மேலே சாத்தி வைத்திருந்த வேப்பஞ்சட்டம் ஒன்று சரிந்து விழுந்தது. ரத்தம் வரவில்லை. மூச்சு நின்றது, கொஞ்சம் யோசித்தது, பிறகு வேறு தாளத்தில் வந்தது. கண் திறந்தவர் மெல்ல எழுந்து சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி, சுற்றி நின்ற ஆசாரிமாரையும் வெல்டர்மாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சிகரம்? இந்தப் பள்ளியின் தலைவர் யார்?" என்று கேட்டார்.

கேள்வி தம்மைப் பற்றியதாகப் பட்டதால் பட்டறை முதலாளி ரங்கநாதன், "நான்தானுங்க" என்றார்.

வந்தவர் உறைபனிச் சிகரம் என்கிற இடத்தின் வாள்மூப்பர். அங்கே மனிதர்கள் மூச்சை அடக்கி, மலையின் வீரியத்தை உடம்பில் சேர்த்து, நிலை நிலையாக ஏறிப் போவார்கள். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் வானம் இடியை இறக்கிச் சோதிக்கும். தாங்கினவர் மேலே போவார், தாங்காதவர் சாம்பலாவார். இவர் முகில் நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏற உட்கார்ந்திருந்தபோது இறங்கிய இடி இவருக்கே பெரிதாக இருந்ததால், உடம்பை விட்டுத் துள்ளி வெளியேறி, விழுந்த இடத்தில் காலியாக இருந்த கூட்டுக்குள் புகுந்துவிட்டார். இதையெல்லாம் அவர் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். ஊரும் டீ ஆறுவதற்குள் ஒத்துக்கொண்டது.

ஊர் திகைக்காததற்குக் காரணம் உண்டு. பட்டறை வாசலில் நின்று பார்த்தால் கொல்லிமலை தெரியும். சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்வதை அங்கே ஒரு நடப்பாகத்தான் பேசுவார்கள், பக்கத்து ஊருக்குக் குடிபோன உறவுக்காரரைப் பற்றிப் பேசுவது போல. அது போதாதென்று, நாக்பூர் லைனில் ஓடுகிற டிரைவர்கள் எல்லாரும் கொஞ்ச வருஷமாகவே செல்போனில் தொடர்கதை கேட்டுக்கொண்டு போகிறவர்கள். எந்தத் தேசத்துக் கதையோ, எவன் தமிழில் படித்துச் சொல்கிறானோ, முடிவே இல்லாத அந்தக் கதைகளில் ஒருவன் ஓரிடத்தில் சாவான், இன்னொருவன் உடம்பில் எழுந்திருப்பான், மாத்திரை உருட்டுவான், வாளில் ஏறிப் பறப்பான், திமிர் பிடித்த பண்ணையார் மகன்களின் கன்னத்தில் அறைவான். ஹைதராபாத் தாண்டி வெறும் ரோடாகக் கிடக்கிற தூரத்தையெல்லாம் அவர்கள் இப்படித்தான் கடந்திருந்தார்கள். அவர்களில் அதிகக் கதை கேட்டவனான செங்கோடன், சம்மணமிட்டிருந்தவரைச் சுற்றி வந்து பார்த்து, "ஆள் மாறிப்போச்சு. இது முதல் எபிசோடு. இனிமேல்தான் இருக்குது" என்றான்.

வந்தவரின் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. சிகரத்தார் என்று கூப்பிட்டார்கள். ஊர்ப் பேரில் ஆளைக் கூப்பிடுவது அங்கே மரியாதைதான்.

சென்னியப்பனின் மனைவி பரிமளம் வீட்டிலிருந்து ஓடி வந்தபோது, அவள் புருஷனின் உடம்பு பட்டறை நடுவில் எழுந்து நின்று அவளை வணங்கியது. அந்த உடம்புக்கு அவள் பேர் தெரிந்திருந்தது, ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது, அவளுக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது என்பதும் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதைப் போல அது சொன்னது. பிறகு, "நான் இந்தக் கூட்டில் குடியிருப்பவன். கூட்டுக்கு உரியவனின் மனைவியோடு ஒரு கூரையின் கீழ் தங்குவது முறையாகாது" என்று சொல்லிவிட்டு, பாடி கட்டி முடியாத லாரியின் மேல் ஏறி, கேபின் தலையில் அமர்ந்துகொண்டது. பரிமளம் மாராப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுவதற்குச் செத்த உடம்பு இல்லை. பேசுவதற்குப் புருஷன் இல்லை. அடுப்பில் வைத்த பருப்பு நினைவு வந்து வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததுதான் சொல்லிக்கொள்ளத் தக்கது.

சிகரத்தார் கண்ணால் பார்த்தே ஒரு மனிதர் எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். தூசி நிலை, ஊற்று நிலை, கல் நிலை, தீ நிலை, முகில் நிலை என்று அது மேலே போகும். பட்டறையில் இருந்த எல்லாரும் தூசி நிலை. பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர் மட்டும் பாய்லர் ஆவிக்கு முன்னால் நின்று காலமெல்லாம் ஒரே சீராக மூச்சு விட்டதில் தன்னை அறியாமலே ஊற்று நிலைக்கு ஏறியிருந்தார். சேதி தெரிந்ததும் அவர் டீ ஆற்றுகிற உயரம் கூடிவிட்டது. லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் தூசி நிலை என்பது வெளியே வராமல் இருக்க, "நெருங்கிவிட்டீர்" என்று மட்டும் சொல்லும்படி சிகரத்தாரிடம் கேட்டுக்கொள்ள ஆள் வந்தது. கல்யாணத் தரகர்கள், சொந்த வண்டி, சொந்த வீடு என்பதோடு பையன் எந்த நிலை என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளை கல் நிலை என்று சொல்லி ஏமாற்றிவிட்டதாகப் பஞ்சாயத்துக்கே போனார்கள்.

அவர் பேச்சும் ஊருக்குள் இறங்கியது. யாராவது மேலே இடித்துவிட்டால் சிகரத்தார் பழக்கத்தில், "நீ மரணத்தை விருந்துக்கு அழைக்கிறாய்" என்பார். கோபமெல்லாம் இல்லை, நமக்கு 'பாத்துப் போப்பா' எப்படியோ அப்படி. கொஞ்ச நாளில், விடிந்தும் தூங்குகிற பிள்ளைகளிடம் தாய்மார், "மரணத்த விருந்துக்குக் கூப்பிடாம எந்திரிச்சுப் பல்லு விளக்கு" என்று சொல்வது தெருவெங்கும் கேட்டது.

கோழிப்பண்ணைக்கு அழைத்துப் போனார்கள். நீளமான கொட்டகையில் கண்ணுக்கெட்டிய மட்டும் கூண்டு கூண்டாகக் கோழிகள் கழுத்தை நீட்டி இவரைப் பார்க்க, சிகரத்தார் வாசலிலேயே நின்று, "இத்தனை உயிர்களை ஒரு கூரையின் கீழ் அடக்கி ஆளும் பேரரசர் யார்?" என்று மெதுவாகக் கேட்டார். பண்ணைக்காரர் அன்றைக்குச் சாப்பாடு போட்டு, வேட்டியும் எடுத்துக் கொடுத்தார்.

டிரைவர்களுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. கதைப்படி, புகுந்தவர் இந்த உடம்பை முன்பு அவமானப்படுத்தியவர்களைத் தேடிப் போய் அறைய வேண்டும். அதற்கு ஆள் தயாராக இருந்தான். லோடு புக்கிங் ஆபீசில் சென்னியப்பனை வெயிலில் நிற்க வைத்தே பழக்கப்பட்ட கோதண்டம் என்பவன். சிகரத்தாரை முன்னால் விட்டு டிரைவர்கள் பின்னால் கூட்டமாகப் போனார்கள். அவர் கோதண்டத்தை நெடுநேரம் பார்த்தார். "உமக்கு வலப்பக்கச் சிறுநீரகத்தில் கல் இருக்கிறது. வாழைத்தண்டு சாப்பிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். கூட்டம் ஏமாந்து போனது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்த கோதண்டம் மறுநாளிலிருந்து எல்லா டிரைவருக்கும் நாற்காலி போட, இதைவிடப் பெரிய அறை எந்த எபிசோடிலும் வரவில்லை என்று செங்கோடனே ஒத்துக்கொண்டான்.

இப்படி ஊர் முழுக்க அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு பகலில், பரிமளம் டீக்கடைக்கு வந்தாள். பெண்கள் அதிகம் வராத கடை. டிரைவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"ஏனப்பா செங்கோடா, அந்தக் கதையெல்லாம் நீ ஒண்ணு விடாமக் கேட்டிருக்கறயா?"

"கேட்டிருக்கறனுங்க அக்கா."

"புதுசா ஒருத்தரு உடம்புக்குள்ள வந்துடறாரு. மொதல்ல அதுல இருந்தாரே, அவரு எங்க போவாரு?"

செங்கோடன் யோசித்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். கேட்ட கதைகளையெல்லாம் மனசுக்குள் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நாக்பூருக்கும் அங்கிருந்து திரும்பியும் எத்தனையோ தடவை அந்த ரோட்டில் போயும், அவர்களில் ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

"அவனப் பத்திக் கதையில வராதுங்க அக்கா" என்றான் செங்கோடன். குரலில் வெட்கம் இருந்தது.

பரிமளம் அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனாள். கட்டி முடியாத லாரியின் முன் நின்று, கேபின் தலையில் கண்மூடி அமர்ந்திருந்த, தன் கையால் பொத்தான் தைத்த சட்டையைப் போட்டிருந்தவரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, என்ற வீட்டுக்காரர் எங்கீங்க?"

அவர் கண் திறந்தார்.

"அம்மணி, நான் பல உடல்களில் வாழ்ந்திருக்கிறேன். இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை."

"இப்பக் கேட்டுப் பாருங்கோ. அவரு துணியெல்லாம் உங்களுக்குச் சரியாத்தான் இருக்குது. துணிக்காரரு எங்கன்னு விசாரிக்கறதுல தப்பில்லைங்களே."

சிகரத்தார் கீழே இறங்கி வந்து, மரத்தூள் கிடந்த தரையில் அமர்ந்து கண்களை மூடினார். அப்போது பட்டறையில் ஓங்கிய சுத்தியல்கள் ஓங்கியபடியே நின்றன. வெல்டிங் பொறிகள் விழாமல் அந்தரத்தில் பூத்து நின்றன. தரையில் கிடந்த இழைப்புச் சுருள்கள் ஒவ்வொன்றாக எழும்பி, இடுப்பளவு உயரத்தில், தண்ணீரில் மிதப்பதைப் போல அவரைச் சுற்றி வந்தன. வேலைக்காரர்கள் சுத்தியலை இறக்காமல் கை வலிக்க நின்றார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் பரிமளம் ஒருத்திதான் அந்தச் சுருள்களைப் பார்க்கவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் உடல் எரிந்துபோனதாக நினைத்தேன்" என்றார் அவர், கண் திறக்காமல். "எரியவில்லை. அதற்குள் ஒருவர் மூச்சு விடுகிறார். என் கல்லாசனத்தில் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார்."

"இடது கால மடிச்சா?"

"இடது காலை."

பரிமளம் பக்கத்தில் இருந்த டயரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். சீடர்கள் காலில் விழ வரும்போதெல்லாம் சென்னியப்பன் முதலில் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறார். நெடுந்தூரம் பறக்கிறவர்கள் மலைக்கு மலை இறங்கி முகம் கழுவ வேண்டும் என்று விதி செய்திருக்கிறார். இறக்கத்தில் வாளை அதன் போக்கில் விடக் கூடாதென்று கண்டித்திருக்கிறார். தூக்கம் வந்தால் நிலை ஏற வேண்டாம், தூங்கு என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் ஆழ்ந்த மறைபொருள் உள்ள உபதேசங்கள் என்று சிகரமே எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறது. அவர் எழுந்தால் எல்லாரும் எழுகிறார்கள், உட்கார்ந்தால் மேகம் உட்காருகிறது.

"என் சீடர்கள் சிரிக்கிறார்கள்" என்றார் சிகரத்தார். "என் காலத்தில் அவர்கள் சிரித்து நான் கேட்டதில்லை."

பொறிகள் தரையில் விழுந்தன. சுத்தியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

திரும்பும் வழியை அவர் மறைக்காமல் சொன்னார். மறுபடி இடியை அழைத்து, வாளில் ஏறி அதன் நடுவே போக வேண்டும். இரண்டு உலகத்து வானமும் ஒட்டுகிற இடத்தில், ஒரு மின்னல் நேரம், இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பார்கள். அப்போது உயிர்கள் இடம் மாறலாம். ஆனால் வர மனமில்லாத உயிரை இடி கடத்தாது. அவர் மறுத்தால் இருவரும் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான், இனி எப்போதும்.

பரிமளம் தலையாட்டினாள். வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குள் சந்தோஷமும் கலக்கமும் மாறி மாறி வந்தன. உட்காரச் சொன்னால் மேகமே உட்காருகிற இடத்திலிருந்து ஒருவரைத் திரும்பக் கூப்பிட அவளிடம் என்ன இருந்தது? தகரக் கூரை வீடு. குளிர் வந்தால் மடங்காத முழங்கால். சேலம் பைபாஸ், தொப்பூர்க் கணவாய், டீசல் நாற்றம், பின்னால் ஹாரன். இத்தனைக்கும் நடுவில் அவள்.

சேதி பரவியதும் லாரிச் சங்கத்தார் அவள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனுஷர்கள்தான். பழம் வாங்கி வந்திருந்தார்கள். சிகரத்தார் வந்தபின் ஊருக்கு ஒரு பேர் வந்திருக்கிறது, தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், டிரைவர்கள் குடிக்காமல் மூச்சுப் பழகுகிறார்கள் என்றெல்லாம் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, தலைவர் கடைசியாக, "நம்ம சென்னியும் அங்க நல்லாத்தானே இருக்கறாப்ல" என்றார்.

"உங்க வண்டி ஒண்ணு லைன்ல காணாமப் போயி, அது இன்னொருத்தர் கையில நல்லா ஓடிட்டு இருக்குதுன்னு சேதி வந்தா, சரி ஓடட்டும்னு விட்டுருவீங்களாங்க அண்ணா?"

அவர்களோடு வந்திருந்த ரங்கநாதன்தான் முதலில் எழுந்தார். வாள் அடிக்கத் தன் பட்டறையில் கிடந்ததிலேயே நல்ல பட்டை ஒன்றைத் தருவதாகச் சொன்னார்.

லாரிக்கு அடியில், பாரம் முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டு வளைந்து கிடக்கிற இரும்புப் பட்டை அது. நம் பக்கத்தில் அரிவாளே அதில்தான் அடிப்பார்கள். காஷ்மீர்வரை போய்வந்த ஒரு வண்டியின் பட்டையை ஸ்பிரிங் பட்டறையில் சிகரத்தார் தாமே நின்று வாளாக அடித்தார். பன்னிரண்டு சக்கரத்துப் பாரம் தாங்கிய இரும்புக்கு வானத்தின் பாரம் ஒன்றுமில்லை என்றார். கொல்லிமலையிலிருந்து மூலிகை வந்தது. இரும்பைத் தோய்த்தபோது எழுந்த ஆவி மூன்று தெருவுக்குப் பச்சைக் கற்பூரமாக மணத்தது.

இடிக்குத்தான் எதிர்ப்பு வந்தது. பெரிய இடி விழுந்தால் கோழிகள் மிரண்டு முட்டை நிறுத்திவிடும். பண்ணைக்காரர்கள் சிகரத்தாரிடம் வந்து, இடியைக் கொஞ்சம் மெதுவாக இறக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். அது தம் கையில் இல்லை என்று அவர் வருத்தப்பட்டார். முடிவில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். கொட்டகைதோறும் ஒலிபெருக்கி கட்டி, இடிச் சத்தத்தைப் பதிவு செய்து, முதலில் குசுகுசுவென்றும் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் கோழிகளுக்குப் பழக்கினார்கள். நாள் நெருங்கியபோது ஊரைச் சுற்றி எல்லாத் திசையிலும் தெளிந்த வானத்தின் கீழ் இடி உருண்டுகொண்டே இருந்தது. கோழிகள் தீவனம் கொத்திக்கொண்டிருந்தன.

ஐப்பசி மழைக்கு மேகம் கட்டிய ஒரு பிற்பகல், ஊர் வறண்ட ஏரிக்குள் கூடியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு லைன்மேன்களும் வந்துவிட்டார்கள். சிகரத்தார் கிணற்றில் முழுகி வரப் போயிருந்த நேரத்தில், பட்டறைக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அதில் அவர்களுக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. புதிதாகக் கட்டின எதுவும் அந்த ஊரிலிருந்து வெறுமனே கிளம்பியதில்லை. வாளைக் கழுவிச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, கறுப்புக் கயிறு கட்டினார்கள். எழுத்து பெயின்டர் மாசிலாமணி தூரிகையை எடுத்துக்கொண்டு குனிந்தார். கூலிக்கு ஓட்டுகிற வண்டியின் நெற்றியில் தன் பெண்டாட்டி பேரை எழுத முடியவில்லையே என்று சென்னியப்பன் அவரிடம் பல முறை சொல்லியிருந்தார். அந்த நினைப்பில் மாசிலாமணி தன் கைத்திறமையை எல்லாம் இறக்கி, வாளின் முகப்பில், மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழல் கொடுத்து, பரிமளம் என்று எழுதினார். பின்பக்கம், வழக்கப்படி, ஒலி எழுப்பவும் என்று எழுதினார்.

ஈரத் தலையோடு வந்த சிகரத்தார் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

அவருடைய உலகத்தில், முதல் பறப்புக்கு முன் ஒரு வாளில் எவர் பேர் எழுதப்படுகிறதோ வாள் அவருடையது. தேவர்களே வந்தாலும் அதை மாற்ற முடியாது. அதனால்தான் அங்கே தன் பேரை அவரவர் யாரும் பார்க்காமல் எழுதுவார்கள். பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பாராட்டுக்காகக் காத்து நின்ற மாசிலாமணியின் முகத்தைப் பார்த்து, அவர் கோபப்பட முயன்று முடியாமல், "எழுத்து அழகாக இருக்கிறது" என்றார். பிறகு வாளின் மேல் ஏறி நின்றார். அது கிடந்தது. மூச்சை அடக்கிக் கட்டளையிட்டார். ஏரியின் மண் எழும்பியது, கற்கள் எழும்பின, வேடிக்கை பார்த்தவர்களின் துண்டுகள் எழும்பின. வாள் மட்டும் கிடந்தது.

விஷயத்தை அவர் விளக்கினார். பரிமளம் முன்னால் வந்து, யோசிக்க நேரம் கொடுத்தால் பயம் வந்துவிடும் என்பதைப் போல, சட்டென்று வாளின் மேல் கால் வைத்தாள். தூங்கி எழுந்த மாடு சிலிர்ப்பதைப் போல இரும்பு அடியில் சிலிர்த்தது. முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது.

அவள் சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவள். ஏரியில் இருந்த அத்தனை டிரைவர்களும் ஒரே நேரத்தில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் கியரைப் பற்றிச் சொல்ல, கியர் எங்கே இருக்கிறது என்று இன்னொருவர் சண்டைக்குப் போக, வளைவில் எப்படி ஒடிக்க வேண்டும் என்று ஒரு கிழ டிரைவர் வெறுங்கையால் ஸ்டியரிங் சுற்றிக் காட்டினார். செங்கோடன் மட்டும் பக்கத்தில் வந்து தாழ்வாகச் சொன்னான்: "பயமா இருந்தா எதுனா பேசிக்கிட்டே ஓட்டுங்கக்கா. நாங்க அப்படித்தான் ஓட்டறோம்."

சிகரத்தார் பின்னால் ஏறி, அவள்மேல் கை படாமல், அவள் இடுப்பில் சுற்றியிருந்த துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

முதல் இடி ஏரிக் கரையில் இறங்கியது. நீலமுமில்லை, வெள்ளையுமில்லை. கண்ணை மூடினாலும் தெரிகிற ஒரு நிறம். பரிமளம், "கிளம்பு" என்றாள். வாள் கிளம்பியது. கீழே ஊர் சிறுத்தது. கோட்டைக் குன்று ஒரு கூழாங்கல்லானது, பட்டறைகள் சிதறிய இழைப்புச் சுருளாயின, கொல்லிமலை எழுந்து நின்று வழி விட்டது. இடிகள் மரங்களைப் போல மேலிருந்து கீழே வளர்ந்தன, கிளை விட்டன, அவற்றுக்கிடையே அவள் போனாள், போய்க்கொண்டே பேசினாள், யாரிடம் என்றில்லாமல், வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதை, எதிர்வீட்டில் குழந்தை பிறந்ததை, கோதண்டம் நாற்காலி போட்டதை. மேகத்துக்கு மேல் மேகம் இருந்தது. அதற்கும் மேலே, தலைகீழாக, பனி மூடிய இன்னொரு மலைத்தொடர் நட்சத்திரங்களுக்கு நடுவில் தொங்கியது. அதன் சிகரங்கள் அவளை நோக்கி நீண்டிருந்தன. அதன் அருவிகள் மேல்நோக்கி விழுந்தன. அவ்வளவு பெரிதை அவள் பார்த்ததில்லை. பேச்சு நின்றுபோயிற்று. இதை விட்டுவிட்டு எவர் வருவார் என்று நினைத்தாள்.

மின்னல் ஒன்று எழுந்து அணையாமல் அப்படியே நின்றது. அதன் நடுவில், வெண்தாடியும் நிலா நிற அங்கியுமாக ஒரு பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால், வாள்களின் மேல், கொக்குக் கூட்டமாகச் சீடர்கள். அவர் முகத்தில் அவளுக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. ஆனால் தோளில், அந்த அங்கியின் மேல், ஏதோ ஒரு பட்டுத் துணியைத் துண்டாக மடித்துப் போட்டிருந்தார்.

"மாமா" என்றாள்.

வெண்தாடி அவளைப் பார்த்தது. அவளுக்குக் கீழே இருந்த வாளைப் பார்த்தது. முகப்பில் இருந்த மஞ்சள் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தது.

வாள் தன் பேச்சைக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். போய் ஏற்றிக்கொள் என்று சொன்னால் அது ஏற்றிக்கொள்ளும். அவள் சொல்லவில்லை. வீட்டைப் பற்றியோ முழங்காலைப் பற்றியோ, தான் இருந்த இருப்பைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு இங்க நல்லா இருந்தா சொல்லிருங்க. நான் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

சீடர்கள் எல்லாரும் தலை குனிந்தார்கள். தொங்கும் மலையில் எங்கோ மணி அடித்தது. வெண்தாடி இன்னும் அந்த எழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தது?"

"நாந்தான்."

"தொப்பூர் ஏத்தம் மாதிரி இருக்குதே இது. நீயா ஓட்டிட்டு வந்த?"

"நாந்தானுங்க மாமா."

அவர் தோளில் இருந்த பட்டுத் துணியை எடுத்து உதறி, பக்கத்தில் நின்ற சீடப் பெண்ணின் கையில் கொடுத்தார். மின்னல் அணைந்தது.

இருட்டில் இடி விழுந்தது. அவள் எலும்புக்குள் விழுந்தது. வாள் தடுமாறிச் சரிந்து, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் சுழன்றது. இடுப்புத் துண்டைப் பிடித்திருந்த கை விட்டுப்போனதை அவள் உணர்ந்தாள். பின்னால் ஆள் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவாள். பாராமல், இரண்டு காலையும் பரப்பி ஊன்றி, தன் பேரின் மேல் நின்றாள்.

அப்போது வாளின் பக்கவாட்டில் ஒரு கை, உள்ளங்கையை விரித்து, பட்டென்று இரண்டு தட்டுத் தட்டியது.

"இடப்பக்கம் ஒண்ணு எறங்குது, பாத்துக்க. வலத்தால ஒடி. இன்னும் ஒடி. நேராக்கு. ஆங், வரலாம், வரலாம், அப்படியே வரலாம்."

ஓட்டுகிறவரின் இருக்கையை விட்டு அந்த மனுஷன் எந்த வண்டியிலும் இறங்கி நின்றதில்லை. இப்போது கிளீனர் நிற்கிற இடத்தில் நின்று, தலையைப் பக்கவாட்டில் நீட்டி, அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பரிமளம் முன்னால் பார்த்தபடியே வாளைத் திருப்பினாள். மேகத்துக்குக் கீழே மழை பிடித்திருந்தது. நனைந்துகொண்டு, ஒருவரும் கலையாமல், ஏரி நிறைய முகங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"ரைட்டு" என்றார் சென்னியப்பன். "போலாம்."